மரம் செதுக்கும் இயந்திரமும் ஒன்பது பெண்களும்

உடப்புசல்லாவையிலிருந்து இராகலைப் பக்கம் போகும் பாதையில், தேயிலை மலைக்கு நடுவே ஒரு பழைய பிள்ளைக் காம்பரா இருக்கிறது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்வதற்காகக் கட்டிய கல் கட்டடம். புதிய பிள்ளைப் பராமரிப்பு நிலையம் வந்த பின்பு அது பல வருடங்கள் பூட்டிக் கிடந்தது. இன்று மாலை நேரங்களில் அதற்குள்ளிருந்து தேனீக்கள் இரைவது போன்ற ஒரு சத்தம் கேட்கும். ஒன்பது பெண்கள் சேர்ந்து வாங்கிய சி.என்.சி. ரவுட்டர் என்னும் இயந்திரம் பலகை செதுக்கும் சத்தம் அது.

நான் சமூகவியல் படித்துவிட்டு இந்தப் பகுதியில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். இயந்திரங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஒன்பது பேருடன் சேர்ந்துதான் கற்றுக்கொண்டேன். சேர்ந்துதான் பிழையும் விட்டேன். வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் சுயதொழில் தொடங்க நினைக்கும் சகோதரிகள் பலர் "எங்களுக்கும் ஒரு மெஷின் கிடைத்தால்..." என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

இந்த ஒன்பது பேரில் ஆறு பேர் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள். மற்ற மூவர் வன்னியிலிருந்து திரும்பி வந்தவர்கள். 1977ஆம், 1983ஆம் ஆண்டு வன்செயல்களுக்குப் பயந்து மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, 2009இல் எல்லாவற்றையும் இழந்து, செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்துவிட்டு, தாய் வழி உறவைத் தேடி மீண்டும் லயத்துக்கே வந்தார்கள். தோட்டத்தில் அவர்களுக்குப் பேர் இல்லை, வேலையும் இல்லை. உறவினர் வீட்டு இஸ்தோப்பில் படுத்து எழும்பிய நாட்கள் பல.

அந்த மூவரில் மூத்தவரை எல்லோரும் 'கிளிநொச்சி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய கணவர் 2009 மே மாதத்துக்குப் பிறகு எங்கே என்று தெரியாது. ஒரு மகள் இருக்கிறாள். இந்தக் கட்டுரையில் அவரைப் பற்றிப் பின்னாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூலையில் கிடக்கும் தையல் இயந்திரம்

2019இல் இவர்கள் கைவேலையாகத்தான் தொடங்கினார்கள். நகரில் இருக்கும் வயதான தச்சர் ஒருவர், நாங்கள் 'ஆசாரி மாமா' என்று சொல்பவர், சிறிய சாமித் தட்டு, சாவி மாட்டும் பலகை, பாடசாலைப் பரிசளிப்புக்கான கேடயம் என்று செய்யக் கற்றுக்கொடுத்தார். பலகை அறுப்பது அவர். மினுக்குவதும் வார்னிஷ் பூசுவதும் இவர்கள். கிழமைக்கு 250 ரூபா ஒவ்வொருவரும் சேமித்தார்கள்.

2023இல் ஒரு நலன்புரி நிறுவனம் 5 லட்சம் ரூபா உதவி தர முன்வந்தது. ஏதாவது இயந்திரம் வாங்குங்கள் என்றார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். கிளிநொச்சி அக்கா மட்டும் எழும்பி நின்று கேட்டார்:

"மெஷின் வரும். வந்தாப் பிறகு வேலை வருமே? எனக்கும் அங்க ஒரு தையல் மெஷின் தந்தவை. எங்கட வீதியில பன்னிரண்டு பேருக்குத் தந்தவை. பன்னிரண்டு பேரும் தைச்சா ஆர் தைக்கக் குடுக்கிறது? கடைசியில மகளுக்குக் காய்ச்சல் வந்தநேரம் அதை வித்துத்தான் மருந்து வாங்கினனான்."

யாரும் பேசவில்லை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வந்த வாழ்வாதார உதவிகளைக் கண்டவர்களுக்கு இது புதிய கதை அல்ல. இயந்திரம் கொடுக்கும்போது படம் எடுப்பார்கள். ஆறு மாதம் கழித்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வருபவர் குறைவு.

ஆகவே ஒரு முடிவு எடுத்தோம். ஆறு மாதத்துக்கு இயந்திரம் வாங்குவதில்லை. அதற்குப் பதிலாக, ஏற்கனவே சி.என்.சி. வைத்திருக்கும் ஒரு பட்டறைக்கு எங்கள் வேலையைக் கொடுத்துச் செதுக்கி வாங்குவோம். அதை விற்றுப் பார்ப்போம். விலை போனால் வாங்குவோம். போகாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுப்போம். அந்த ஆறு மாதத்தில் நான்கு பாடசாலைகளிலிருந்தும் இரண்டு கோயில்களிலிருந்தும் வேலை வந்தது. நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் கூட்டம் நிறையும் காலத்தில் தேயிலைக் கொழுந்து செதுக்கிய சிறிய பலகைகளும் விற்றன. வெளிப் பட்டறைக்குக் கொடுத்த கூலியைக் கூட்டிப் பார்த்தபோதுதான், சொந்தமாக ஒன்று இருந்தால் அந்தக் காசு எங்களிடமே நிற்கும் என்பது கணக்காகவே தெரிந்தது.

சகோதரிகளே, இந்தக் கட்டுரையில் ஒரு விடயத்தை மட்டும் ஞாபகம் வைப்பதானால் இதை வையுங்கள்: முதலில் வேலையைத் தேடுங்கள், பிறகு இயந்திரத்தைத் தேடுங்கள்.

இது என்ன இயந்திரம்?

தையல் இயந்திரத்தில் ஊசி மேலும் கீழும் போகும். துணியை நாம் கையால் நகர்த்துகிறோம். சி.என்.சி. ரவுட்டரில் பலகை மேசையில் அசையாமல் இறுக்கப்பட்டிருக்கும். அதன் மேலே வேகமாகச் சுழலும் ஒரு மோட்டாரும் அதன் நுனியில் ஒரு வெட்டும் பிட்டும் இருக்கும். இந்த மோட்டார் இடம் வலமாக, முன் பின்னாக, மேல் கீழாக என்று மூன்று திசையில் போகும். எங்கே போக வேண்டும், எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதைக் கணனி சொல்லும்.

கணனி எப்படிச் சொல்கிறது? புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது எளிது. மூலையில் ஒரு புள்ளியைத் தொடக்கம் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து வலப்பக்கம் இத்தனை, மேற்பக்கம் இத்தனை என்று எண்ணிப் போவது போலத்தான். அந்தத் தொடக்கப் புள்ளிக்குப் பூச்சியம் என்று பெயர். நாம் வரைந்த படத்தை மென்பொருள் வரி வரியான கட்டளைகளாக மாற்றும். இவற்றை 'ஜி கோட்' என்பார்கள். 'ஜி 0' என்றால் வெட்டாமல் விரைந்து போ. 'ஜி 1' என்றால் சொன்ன வேகத்தில் வெட்டிக்கொண்டு நேராகப் போ. இயந்திரத்தை நகர்த்தும் மோட்டார்கள் பெரும்பாலும் ஒரு சுற்றை 200 படிகளாகப் பிரித்துச் சுழல்பவை. ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் திருகுதண்டு என்றால், ஒரு படிக்கு ஒரு மில்லிமீற்றரில் நாற்பதில் ஒரு பங்குதான் நகரும். கையால் இந்த நுணுக்கத்தை ஒரே மாதிரி அறுபது தடவை கொண்டுவருவது கடினம்.

இந்தத் தொழில்நுட்பம் பிறந்தது போர் விமானங்களுக்காக. அமெரிக்காவில் ஹெலிகொப்டர் விசிறி இதழ்கள் செய்துவந்த ஜோன் பார்சன்ஸ் என்பவரின் யோசனைக்கு 1949இல் அந்நாட்டு விமானப்படை பணம் கொடுத்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி 1952இல் இதைச் செய்து காட்டியது. அப்போது கட்டளைகளைத் துளையிட்ட நாடாவில் கொடுத்தார்கள். இன்று பழைய மடிகணனி ஒன்று போதும். விமானம் செய்யப் பிறந்த இயந்திரம் இப்போது எங்களுக்குச் சாமித் தட்டு செய்கிறது.

விற்பவர் சொன்னதும் நாங்கள் வாங்கியதும்

விற்பனைக்காரர் ஒருவர் முதலில் எட்டடிக்கு நான்கடிப் பலகை முழுதாக வைக்கக்கூடிய பெரிய இயந்திரத்தைக் காட்டினார். "காசு குறைவாக இருந்தால் பரவாயில்லை, லீசிங் போட்டுத் தருகிறோம்" என்றார். இனிமையாகப் பேசினார். இரண்டு பேர் கையொப்பம் போடத் தயாராகவே இருந்தார்கள்.

இங்கே நாங்கள் இரண்டு விடயங்களைப் பார்த்தோம். ஒன்று மின்சாரம். அந்தப் பெரிய இயந்திரத்துக்கு மூன்று கட்ட மின்சாரம் வேண்டும். எங்களிடம் இருப்பதோ வீட்டுக்கு வருவது போன்ற 230 வோல்ட் ஒற்றைக் கட்ட இணைப்பு. அதைப் பெறுவதற்கே பெரும் பாடு பட்டோம். கட்டடம் நமது அல்ல. நிலமும் நமது அல்ல. நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் வந்து சேர ஏழு மாதம் போனது. தோட்டத்தில் எதைத் தொடங்கினாலும் முதலில் வந்து நிற்பது இந்த நிலப் பிரச்சினைதான்.

மற்றது கடன். நுண்கடன் பட்ட பெண்களின் நிலைமை நம் எல்லோருக்கும் தெரியும். வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன் எடுத்த பெண்களுக்கு 2018இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. இயந்திரம் வேலை செய்யாத மாதத்திலும் தவணை வேலை செய்துகொண்டே இருக்கும். ஆகவே கடன் இல்லாமல் கையில் இருக்கும் காசுக்குள் என்று முடிவு செய்தோம்.

கையில் இருந்தது உதவிப் பணம் 5 லட்சமும், 2022 நெருக்கடியில் அரிசி மாவுக்கு எடுத்தது போக மிஞ்சிய சேமிப்பு 2 லட்சத்து 60 ஆயிரமும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த நாணய மதிப்பு மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். இறக்குமதி இயந்திரங்களின் விலையும் கூடவே ஏறிவிட்டது. ஆகவே பாவித்த இயந்திரம் ஒன்றைத் தேடினோம். தச்சுத் தொழிலுக்குப் பேர்போன மொறட்டுவைப் பக்கமும் போய்ப் பார்த்தோம். கடைசியில் 600க்கு 900 மி.மீ. மேசையும் ஒன்றரை கிலோவாட் மோட்டாரும் உள்ள ஒன்று 5 லட்சத்து 60 ஆயிரத்துக்குக் கிடைத்தது. ஒற்றைக் கட்ட மின்சாரத்தில் ஓடும்.

செலவு அதோடு முடியவில்லை. பழைய மடிகணனி 70,000. வயரிங், ட்ரிப் சுவிட்ச், நிலத்தொடுப்பு 42,000. தூசி உறிஞ்சும் இயந்திரமும் குழாயும் 38,000. வெட்டும் பிட்டுகள் 27,000. லொறிக் கூலி 18,000. எல்லாமாக 1 லட்சத்து 95 ஆயிரம். அதாவது இயந்திரத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இயந்திரத்துக்கு மட்டும் காசு வைத்திருப்பவர் அதை வாங்கிக்கொண்டு வந்து பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். எங்கள் கையில் கடைசியாக மிஞ்சியது 5,000 ரூபா.

வாங்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

விற்பவர் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. நமது பலகையைக் கொண்டுபோய் நமக்கு முன்னால் வெட்டச் சொல்ல வேண்டும்.

ஒரு நீள்சதுரம் வெட்டச் சொல்லி, மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சட்டம் கோணலாக இருக்கிறது.

ஒரு வட்டம் வெட்டச் சொல்லுங்கள். குறுக்காகவும் நெடுக்காகவும் அளவு ஒன்றாக வர வேண்டும். முட்டை வடிவம் வந்தால் திருகுதண்டில் ஆட்டம் இருக்கலாம்.

பூச்சியத்திலிருந்து தூரம் போய்த் திரும்பி வரப் பத்துத் தடவை விடுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே புள்ளிக்கு வர வேண்டும்.

மின்சாரத்தை நிறுத்தி, வெட்டும் மோட்டாரைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு அதை அரைமணி நேரம் ஓடவிட்டுக் கேளுங்கள். பெயாரிங் தேய்ந்திருந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும்.

மென்பொருளுக்கு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். இதை நாங்கள் கேட்கவில்லை. மடிகணனியில் போட்டுத் தந்த வரைபட மென்பொருள் திருட்டுப் பிரதி. இரண்டாம் மாதமே அது நின்றுவிட்டது. மூன்று நாள் பயிற்சி தருவதாகச் சொன்னவரும் அரை நாளோடு போய்விட்டார். எழுத்தில் வாங்காத வாக்குறுதி அது. பிறகு இங்க்ஸ்கேப், ஃப்ரீகாட் என்ற இலவச மென்பொருள்களைப் பாவிக்கப் பழகினோம். முதல் மென்பொருளையே பெரிதாக நம்பியிருந்த எங்களுக்கு, காசில்லாமல் சட்டப்படி கிடைப்பவை இருக்கின்றன என்பது அதன் பிறகுதான் தெரிந்தது.

முதல் பலகை கருகிப் போனது

முதல் நாள் வெட்டிய பலகை விறகு போலக் கறுத்து, புகை வந்தது. பயத்தில் மிக மெதுவாக ஓட்டியதுதான் காரணம். மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்று நினைத்தோம். ஆனால் பிட் நிமிடத்துக்கு 24,000 தடவை சுழல, அது நகர்ந்ததோ நிமிடத்துக்கு 400 மி.மீ. மட்டுமே. அப்படியானால் மரத்தை வெட்டாமல் ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டிருக்கும்.

இதற்கு ஒரு பெருக்கல் கணக்கு உண்டு. நிமிடத்துக்கு எத்தனை சுற்று, பிட்டுக்கு எத்தனை பல், ஒரு பல் எவ்வளவு மரம் சீவ வேண்டும் என்ற மூன்றையும் பெருக்க வேண்டும். 18,000 சுற்று, 2 பல், ஒவ்வொன்றும் 0.05 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1,800 மி.மீ. அந்த வேகத்தில் விட்டபோது புகை நின்றது. தூளுக்குப் பதிலாகச் சீவல் விழுந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற பெண்கள் இன்று இந்தக் கணக்கை மனத்தாலேயே போடுகிறார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்குப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பெரிய காரியம் அல்ல.

ஆழத்தையும் ஒரே தடவையில் இறக்கக் கூடாது. 6 மி.மீ. பிட் என்றால் ஒரு தடவைக்கு 3 மி.மீ. அளவு போதும். பேராசைப்பட்டால் பிட் முறியும். நாங்கள் ஆறு முறித்திருக்கிறோம்.

மலைநாட்டுக்கு இன்னொரு தொல்லை ஈரம். பனி மூட்டம் உள்ளே வந்தால் இரும்புத் தண்டவாளங்கள் துருப்பிடிக்கும். தினமும் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். காயாத மரம் செதுக்கிய பின் வளைந்துபோகும். தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கு மரப் பலகையை நாங்கள் வாங்கி, இடையில் சட்டம் வைத்து அடுக்கி நிழலில் காய விடுகிறோம். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது ஆசாரி மாமாவின் கணக்கு.

மின்சாரம் பாதியில் போனால் இயந்திரம் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில் இதை யோசிக்காமல் இருக்க முடியாது. மேசையில் ஒரு மூலைச் சட்டம் நிரந்தரமாக அடித்துவிட்டோம். பலகையும் பூச்சியமும் எப்போதும் அந்த மூலைக்கே வரும். மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

புள்ளி விட்டுப்போன கேடயங்கள்

2024 மே மாதம் ஒரு பாடசாலையிலிருந்து அறுபது கேடயங்களுக்கு வேலை வந்தது. எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. சரியாகக் கொடுத்தால் பக்கத்துப் பாடசாலைகளும் வரும். பிழைத்தால் பலகைக் காசே எங்கள் தலையில் விழும். கையில் இருந்த இருப்பு முழுவதையும் பலகைக்குப் போட்டிருந்தோம்.

கேடயத்தில் 'தமிழ்த் தினப் போட்டி' என்று செதுக்க வேண்டும். எழுத்துகளை வரைந்து, மாதிரி ஒன்று வெட்டினார்கள். நான்தான் பார்த்தேன். அழகாக இருந்தது. "சரி, எல்லாவற்றையும் ஓட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கூட்டம் ஒன்றுக்குப் போய்விட்டேன்.

பின்னேரம் வந்தபோது இயந்திரம் நின்றிருந்தது. பத்தொன்பது கேடயங்கள் மேசையில் அடுக்கியிருந்தன. கிளிநொச்சி அக்கா அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்திவிட்டு ஒரு கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், இதில புள்ளி இல்லை."

பார்த்தேன். 'தமிழத தினப போடடி' என்று இருந்தது. நான்கு மெய்யெழுத்தில் ஒன்றுக்கும் புள்ளி இல்லை. பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கிய நான் இதைப் பார்க்கவில்லை. தெரிந்த சொல்லாகையால் கண் தானாகவே புள்ளியைப் போட்டு வாசித்துவிட்டது.

"நீங்கள் எப்படிக் கண்டீர்கள்?" என்று கேட்டேன்.

"அவற்ற பேரில ஒரு புள்ளி விடுபட்டதுக்கு நான் எத்தனை இடம் அலைஞ்சனான் தெரியுமே? ஒரு பதிவில ஒரு மாதிரி, மற்றதில வேற மாதிரி. ரெண்டும் ஒரே ஆள்தான் எண்டு காட்ட மூண்டு வருசம் போச்சுது. அதுக்குப் பிறகு நான் எந்த எழுத்தையும் புள்ளி பாக்காமல் விடுறேல்லை."

அங்கு நின்ற ஒருவராலும் உடனே பேச முடியவில்லை.

காரணத்தைத் தேடினோம். எழுத்தின் கோடுகள் 3 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலான அகலம். வெட்டும் பிட் 3 மி.மீ. புள்ளியோ இரண்டரை மி.மீ. மட்டுமே. பிட் நுழைய முடியாத இடத்தை மென்பொருள் சத்தமில்லாமல் விட்டுவிடும், எச்சரிக்கையும் செய்யவில்லை. இந்த மென்பொருள்களை ஆக்கியவர்கள் தமிழ்ப் புள்ளியைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். பழைய எழுத்துருக்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. 'கொ', 'போ' போன்ற எழுத்துகள் துண்டு துண்டாக இடம் மாறி நிற்கும். ஆகவே எழுத்தை முதலில் கோட்டுப் படமாக மாற்றிவிட்டு, ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

இனி அந்தப் பத்தொன்பதை என்ன செய்வது? ஆசாரி மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினோம். இந்த இயந்திரம் வந்த நாளிலிருந்து அவர் பட்டறைப் பக்கம் வரவில்லை. "மெசினு வந்துருச்சு, இனி எனக்கு என்னா வேலை?" என்று சொல்லியிருந்தார். அவர் கோபம் நியாயமானது என்று எனக்கும் தெரியும். எங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரின் தொழிலைத்தான் நாங்கள் வாங்கிய இயந்திரம் செய்கிறது. அதைப் பற்றி அவரிடம் நேரே கதைக்க நான் தயங்கிக்கொண்டே இருந்தேன்.

அவர் வந்தார். கேடயத்தைத் திருப்பிப் பார்த்தார். தன் பையிலிருந்து கைத் துளைப்பானை எடுத்தார். பென்சிலால் ஒவ்வொரு எழுத்தின் மேலும் அடையாளம் வைத்து, ஆழம் தவறாமல் துளைத்தார். பத்தொன்பது கேடயம், எழுபத்தாறு புள்ளி. இரவு பத்து மணிக்கு முடித்துவிட்டு, "இந்தப் புள்ளிதான் எழுத்துக்கு உசுரு. அதெ மெசினு பாக்காது, நம்மதான் பாக்கணும்" என்று சொன்னார். ஒரு கேடயம் கூட வீணாகவில்லை. மிச்சம் நாற்பத்தொன்றுக்கும் புள்ளிகளைத் தனியே துளையிடும் கட்டளையாக மாற்றிவிட்டோம்.

அந்த இரவுக்குப் பிறகு அவருடன் உட்கார்ந்து கதைத்தோம். இப்போது ஒவ்வொரு வேலைக்கும் அவருக்கு ஒரு பங்கு உண்டு. மரம் தெரிவு செய்வதும், இயந்திரம் தட்டையாக விடும் பூ வேலைகளை உளியால் உயிர் கொடுத்து முடிப்பதும் அவர் பொறுப்பு. கண்டிக்குப் பக்கத்தில் எம்பெக்கே தேவாலயத்தில் 14ஆம் நூற்றாண்டு மரத்தூண்கள் இருக்கின்றன. அவற்றைப் போய்ப் பார்த்தால் கை எவ்வளவு செய்யும் என்று தெரியும் என்பார். தமிழ்நாட்டில் அரும்பாவூர், கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதை அவருக்குச் சொன்னேன். இயந்திரம் பெருகிய பிறகும் கைவேலைக்கு மதிப்பு இருக்கிறது என்பதற்கு அது அடையாளம் அல்லவா?

தூசியும் கூந்தலும்

இயந்திரம் ஓடும்போது சேலைத் தலைப்பு, தாவணி, தொங்கும் கூந்தல், வளையல் எதுவும் கூடாது. கையுறையும் கூடாது, சுழலும் பிட் கையுறையைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடி கட்டாயம். பிட் மாற்றும்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டே கை வைக்க வேண்டும். ஈரமான ஊரில் நிலத்தொடுப்பும் ட்ரிப் சுவிட்சும் இல்லாமல் இரும்புச் சட்டத்தைத் தொடவே கூடாது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து தூசி. மரத்தூசி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1995இலேயே வகைப்படுத்தியிருக்கிறது. எம்.டி.எஃப். பலகையில் பசையோடு போர்மல்டிஹைட் என்ற இரசாயனமும் இருக்கிறது. அதுவும் அதே வகையில் சேர்க்கப்பட்டதுதான். ஆகவே தூசி உறிஞ்சும் இயந்திரமும் என்95 முகக்கவசமும் வேண்டும். சால்வைத் துணியைக் கட்டினால் போதாது. பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை. பிள்ளைக் காம்பராவாக இருந்த இடத்தில் பிள்ளைகள் வரக் கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறோம்.

கிடைப்பது எவ்வளவு?

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நல்ல மாதத்தில் ஒருவருக்கு எட்டு, ஒன்பதாயிரம் ரூபா கிடைக்கும். பாடசாலை விடுமுறை மாதத்தில் ஒன்றும் இல்லை. கொழுந்து பறிப்பவர்கள் இன்னும் கொழுந்து பறிக்கிறார்கள். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையும் வந்து மினுக்குகிறார்கள். ஒரு கேடயத்தை இயந்திரம் 22 நிமிடத்தில் வெட்டும். மினுக்கவும் வார்னிஷ் பூசவும் 40 நிமிடம் வேண்டும். ஆகவே இயந்திரம் வந்ததால் யாருக்கும் வேலை குறையவில்லை. விலை போடும்போது பலகை, மின்சாரம், பிட் தேய்மானம், இரண்டு வகை நேரம் எல்லாவற்றையும் சேர்த்துப் போடுகிறோம். ஒவ்வொரு வேலையிலும் நூற்றுக்குப் பத்து இயந்திரத்தின் பெயரில் வங்கியில் போடுகிறோம். அது பழுதானால் அதன் காசிலேயே திருத்த வேண்டும்.

தொடக்கத்தில் இளைஞர் சிலர் வந்து "அக்கா, கணனி வேலை உங்களுக்குச் சரிவராது, நாங்கள் ஓட்டித் தருகிறோம்" என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இயக்கும் பொத்தானை உறுப்பினர் மட்டுமே அழுத்த வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்திருந்தோம். இல்லாவிட்டால் இயந்திரம் பெண்களின் பெயரிலும் தொழில் வேறு யாரோ கையிலும் இருக்கும். கணனியில் வரைய இப்போது மூன்று பேருக்குத் தெரியும். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில் பட்டறைக்கும் காய்ச்சல்தான்.

இதைக் கற்க விரும்பும் சகோதரிகள் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் விசாரிக்கலாம். மலையகத்தில் அட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. வடக்கில் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பெண்களுக்கு இடம் உண்டா என்று தயங்காமல் போய்க் கேளுங்கள்.

போன மாதம் கிளிநொச்சி அக்கா ஒரு சிறிய பலகையைத் தானே வரைந்து வெட்டினார். அவருடைய கணவரின் பெயர். முழுப் பெயரும், முதலெழுத்தும். இயந்திரத்தை நிறுத்தியதும் ஊதித் தூசியைத் தட்டிவிட்டு, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார். எல்லாப் புள்ளியும் இருந்தது. வீட்டுக் கதவில் மாட்டுவதற்காம். "வந்தால் வீடு தெரிய வேணுமே" என்றார்.

பலகைக் காசையும் மின்சாரக் காசையும் கணக்குப் புத்தகத்தில் எழுதி, தானே கட்டிவிட்டுத்தான் அதை எடுத்துப் போனார்.